எருமை ஆற்றில் ஓர் இரவு

அமெரிக்காவில் ஆர்கன்சா என்று ஒரு மாநிலம். எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' உண்டு, சொல்லும்போது கிடையாது. அங்கே பஃபலோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. தமிழில் சொன்னால் எருமை ஆறு. நீளம் சுமார் 150 மைல், நம் கணக்கில் 240 கிலோமீட்டர். நம்ம தாமிரபரணியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனை நீளத்துக்கும் குறுக்கே ஓர் அணை கிடையாது. மதகு கிடையாது, கால்வாய் கிடையாது. மலையில் பெய்த மழை தன் இஷ்டத்துக்கு இறங்கி, தன் இஷ்டத்துக்கு வளைந்து, வொயிட் என்ற பெரிய ஆற்றில் போய்ச் சேருகிறது.

பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருஷம் அணைக்கட்டும் கால்வாயுமாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஓர் ஆற்றைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஆச்சரியம் இல்லை. 'இவ்வளவு தண்ணியை இப்படியா விடுவாங்க' என்ற தவிப்புதான். அது தொழில் புத்தி. போகாது.

மகள் இருப்பது பென்டன்வில்லில். வால்மார்ட் தலைமையகம் இருக்கிற ஊர் என்பதால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காலையில் நான் நடக்கப் போகும் இடம் காம்ப்டன் தோட்டம். நீல் காம்ப்டன் என்ற மகப்பேறு மருத்துவர் குடியிருந்த இடம் அது, இப்போது பொதுமக்களுக்கான தோட்டம். இந்த டாக்டர்தான் பஃபலோவில் அணை வராமல் தடுத்தவர்களில் முக்கியமானவர். ராணுவப் பொறியாளர் பிரிவு அந்த ஆற்றில் கில்பர்ட், லோன் ராக் என்று இரண்டு இடங்களில் அணை கட்டத் திட்டம் வைத்திருந்தது. 1962இல் காம்ப்டனும் நண்பர்களும் ஓசார்க் சொசைட்டி என்று ஒரு சங்கம் ஆரம்பித்து எதிர்த்தார்கள். அதே வருஷம் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸே வந்து கனோவில் ஏறி ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார். 1965இல் மாநில கவர்னர் ஃபாபஸ் அணை வேண்டாம் என்று எழுதிவிட்டார். 1972 மார்ச் 1ஆம் தேதி நிக்சன் கையெழுத்துப் போட, பஃபலோ அமெரிக்காவின் முதல் 'தேசிய ஆறு' ஆனது. பிரசவம் பார்க்கிற டாக்டர் பொறியாளர்களை ஜெயித்த கதை. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, எதிர்க்கட்சிக்காரன் என்றாலும் மனுஷன் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி எங்கள் சம்பந்தியைப் பற்றி. மகள் கட்டியிருப்பது ஆர்கன்சாக்காரரை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கல்யாணக் கதை தெரியும். இரண்டு ஊரிலும் இரண்டு விதமாக நடந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்னைவிட நான்கு வயது கூட, எழுபத்தாறு. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரிசன் ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் சம்பந்தியம்மாவுடன் இருக்கிறார். பேச்சு குறைவு. ஆறு வருஷமாக உறவு, ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தனியாக அரை மணி நேரம் பேசியது கிடையாது. பெண்கள் பேசுவார்கள், நாங்கள் தலையாட்டுவோம். 'சம்பந்தி' என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் ஒரு சொல்லும் இல்லை என்று மகள் சொன்னதும், அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். 'சம்பேண்டி' என்பார். நான் திருத்துவதில்லை.

சென்ற ஜூன் மாதம் மாப்பிள்ளை ஒரு திட்டம் போட்டார். அப்பாக்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஃபலோவில் ஒரு ராத்திரி தங்கி மீன் பிடிப்பது. கடைசி நேரத்தில் ஆபீஸில் ஏதோ அவசரம், மாப்பிள்ளையால் வர முடியவில்லை. தள்ளிப் போடலாம் என்றார் மகள். "எதுக்கு? நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல" என்று சம்பந்தி போனை வைத்துவிட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏற்பாடுகள் வேடிக்கையாக இருந்தன. பதினாறு வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். சுற்றுலா வந்த எனக்கும் சில நாளுக்கு ஒன்று எடுத்தார் மாப்பிள்ளை. ஆற்றில் கண்ணாடிப் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது. என் மனைவி கட்டித் தந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. குப்பை போட கனோவில் ஒரு வலைப்பை கட்டித் தொங்கவிட வேண்டும், அதுவும் சட்டம். இந்த வலைப்பைச் சட்டத்தை நம்ம குறுக்குத்துறைக்கு யாராவது கொண்டுவந்தால் தேவலை. பிரஷர் மாத்திரையை இரண்டு ஜிப் பையில் இரண்டு இடத்தில் வைத்தார் மகள். "அப்பா, நீச்சல் தெரியும்னு லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிராதீங்க. இது ஆத்தங்கரை இல்ல." நல்லது தாயி என்றேன்.

டைலர் பெண்ட் என்ற இடத்தில் இறங்கி, கில்பர்ட் வழியாக, மறுநாள் மதியத்துக்குள் மாமி என்ற துறையில் ஏறவேண்டும். (ஊர்ப்பெயரே அதுதான். என் மனைவி ரொம்ப நேரம் சிரித்தாள்.) ஆற்று வழியில் பதினைந்து மைலுக்குக் கொஞ்சம் மேல். வாடகைக் கனோக்காரர் எங்களை மேலே இறக்கிவிட்டு, சம்பந்தியின் வண்டியைக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

பரிசலில் போனவர்களுக்கு கனோ ஒரு அதிர்ச்சி. பரிசல் சுற்றும், ஆனால் கவிழ யோசிக்கும். கனோ நேராகப் போகும், நாம் தும்மினால் யோசிக்காது. என்னை முன்னால் உட்காரவைத்து, பின்னால் அவர் உட்கார்ந்தார். பின்னால் இருப்பவர்தான் ஓட்டுநர். முதல் அரை மணி நேரம் நான் துடுப்புப் போட்டதெல்லாம் அவருக்குத்தான் கூடுதல் வேலை என்று பிறகு தெரிந்தது. "நீங்க ஆத்தைப் பாருங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

பார்த்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை நெட்டுக்குத்தாக நிற்கிறது, சில இடங்களில் நம்ம ஊர்க் கோபுர உயரத்துக்கும் மேலே. மறுபக்கம் வெள்ளைச் சரளைத் திட்டு. அடுத்த வளைவில் பாறை இந்தப் பக்கம், திட்டு அந்தப் பக்கம். பாறையடியில் கசம். நம்ம பக்கம் ஆற்றில் ஆழமான இடத்தைக் கசம் என்போமே, அதேதான், கரும்பச்சையாக அசையாமல் கிடக்கும். கசம் முடிந்ததும் ஆறு ஆழமில்லாமல் பரவிக் கல்லில் சலசலத்து ஓடும், அதன் வாலில் மறுபடி ஒரு கசம். தண்ணீரின் தெளிவைச் சொல்லி நம்பவைக்க முடியாது. எட்டு அடி ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரிந்தது. பாபநாசத்தில் என் சின்ன வயதில் அப்படித் தெரியும்.

நாங்கள் தேடிப் போன மீனுக்கு ஸ்மால்மவுத் பாஸ் என்று பெயர். நான் சிறுவாயன் என்று பெயர் வைத்துக்கொண்டேன். பெருவாயன் என்று இதற்கு ஓர் அண்ணன் உண்டு. அவனுக்கு வாயின் ஓரம் கண்ணையும் தாண்டிப் போகும், இவனுக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். அண்ணன் ஏரியிலும் குட்டையிலும் சுகமாக இருப்பான். சிறுவாயனுக்கு ஓட்டம் வேண்டும், கல் வேண்டும், தெளிந்த தண்ணீர் வேண்டும். செம்பு நிற உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த கண். இவனுடைய விஞ்ஞானப் பெயரில் டோலோமியூ என்று வருகிறது. பிரெஞ்சு நாட்டு பாறை நிபுணர் ஒருவரின் பெயர் அது. டோலமைட் பாறைக்கும் அவர் பெயர்தான். மீனும் அவர் பெயரில், மீன் ஒளியும் கல்லும் அவர் பெயரில். இந்தச் செய்தியைச் சொன்னபோது சம்பந்தி, "கல்லுக்குப் பேர் வெச்சா கல்லு பெருசாகிடுமா" என்றார்.

மீன் பிடிப்பது எனக்குப் புதிதில்லை. மூங்கில் கழி, மயில் இறகுத் தண்டில் தக்கை, மண்புழு. அப்பாவோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் கெண்டையும் கெளுத்தியும் வரும். தக்கை அமிழ்ந்தால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே தக்கையும் இல்லை, புழுவும் இல்லை. சிறுவாயன் விரும்பித் தின்பது கிராஃபிஷ், கல்லடியில் இருக்கும், நம் இறாலுக்கு நண்டுக் கொடுக்கு வைத்த மாதிரி. அதைப் போலவே செய்த ரப்பர் துண்டில் கொக்கியைச் செருகி, ஓடுகிற கனோவிலிருந்து ஒரு பாறையின் பின்பக்கம் எறிய வேண்டும். வேகமாக வரும் தண்ணீர் பாறையில் மோதிப் பிரிகிறதல்லவா, அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் அமைதியான சுழி இருக்கும். மீன் அங்கே சிரமமில்லாமல் நின்றுகொண்டு, ஓட்டத்தில் வருவதை எட்டிப் பிடிக்கும். இது எனக்கு உடனே பிடிபட்டது. பாலத் தூணுக்குப் பின்னால் மண் எப்படிச் சேருகிறது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவனுக்கு மீன் எங்கே நிற்கும் என்று சொல்லித்தர வேண்டுமா? நான் கை நீட்டிக் காட்டிய மூன்றாவது பாறையில் எனக்கே மாட்டியது.

கொஞ்சம் நேரம் பாறையில் கொக்கி சிக்கிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்தப் பாறை நகர்ந்தது. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓட, இருபது அடி தூரத்தில் மீன் முழு உடம்பாக வெளியே துள்ளித் தலையை இப்படியும் அப்படியும் உதறியது. நான் கனோவில் எழுந்து நிற்கப் பார்த்தேன். "உக்காருங்க!" என்று சம்பந்தி போட்ட சத்தத்தில் பாறை எதிரொலித்தது. ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மூன்று நான்கு தடவை துள்ளி, கனோவின் அடியில் புகுந்து, கடைசியில் பக்கத்தில் வந்தது. பதினைந்து அங்குலம். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கி என் கையில் கொடுத்தார். சிவந்த கண்ணால் என்னையே பார்த்தது.

நல்ல குழம்புக்கு ஆகும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், தண்ணீருக்குள் விடச் சொன்னார். இந்த மலை ஆறுகளில் ஓரடி வளரவே நான்கைந்து வருஷம் ஆகும் என்றார். முட்டை போட்டதும் பெண் மீன் போய்விடும், ஆண்தான் கூட்டைச் சுற்றிக் காவல் நிற்கும், குஞ்சுகள் பெரிதாகும் வரை சரியாகத் தின்னாது என்றார். சட்டம் எவ்வளவோ சொல்லட்டும், அவர் சிறுவாயனை வீட்டுக்குக் கொண்டுபோய் முப்பது வருஷம் ஆகிறதாம். விட்டேன். ஒரு நொடி என் கையருகே நின்றுவிட்டுப் போனது. எங்கப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், எழுத முடியாது.

கில்பர்ட் தாண்டியதும் ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவில் இறுகியது. என்னை அறியாமல் அகலத்தைக் கண்ணால் அளந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார், நான் என்ன வேலை பார்த்தேன் என்று. அரசாங்க எஞ்சினியர் என்றுதான் அவருக்குத் தெரியும்.

"அணை" என்றேன். "அணை, அணைக்கட்டு, கால்வாய்."

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஆறுதான் எங்களைக் கொண்டுபோனது. பிறகு, "ராணுவ எஞ்சினியர்கள் இந்தப் பக்கம்தான் துளை போட்டுப் பாத்தாங்க. நான் அப்ப பையன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பெரிய சரளைத் திட்டில் இறங்கினோம். பின்பக்கம் மேடு, மேட்டிலிருந்து காட்டுக்கு ஏற வழி. அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஆற்றில் ராத்திரி தண்ணீர் ஏறினால் சொல்லிக்கொண்டு ஏறாது. மேலே எங்கேயோ பெய்தால் போதும், நமக்கு மேல் நட்சத்திரம் தெரிந்துகொண்டே இருக்கும்போது கூடாரம் மிதக்கும். அதனால் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவைப்பது வழக்கம் என்று ஒரு குச்சியை நட்டார். குச்சி என்றால் வெறும் குச்சி. நான் சும்மா இருப்பேனா? பிடுங்கி, கத்தியால் அங்குலத்துக்கு ஒரு கோடு வெட்டி, ஆறாவது கோட்டை ஆழமாக்கி, நேராக நட்டு, நேரமும் பூஜ்யமும் டைரியில் குறித்தேன். சம்பந்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு நான் வைத்த நீர்மட்ட அளவுகோல் அதுதான்.

சாப்பாட்டுக்கு சிறுவாயன் கிடையாதே தவிர, காகிள்-ஐ என்று கண் பிதுங்கிய சின்ன மீன் உண்டு. (கூகுள் என்று காதில் விழுந்து நான் குழம்பியதை மகளிடம் சொல்லிச் சிரிக்கிறார்.) நான்கைந்து வைத்திருந்தார். அவர்கள் வழக்கம் சோள மாவில் புரட்டி இரும்புச் சட்டியில் பொரிப்பது. நான் என் ஜிப் பையை எடுத்தேன். மாத்திரைப் பை இல்லை, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு கலந்த பை. பாதி மீனுக்கு அவர் மாவு, பாதி மீனுக்கு என் தூள் என்று ஆரம்பித்து, இரண்டாவது ஈட்டில் இரண்டையும் கலந்துவிட்டோம். கரகரப்பு அவருடையது, காரம் என்னுடையது. கண்ணில் தண்ணீர் வழிய மூன்று மீன் சாப்பிட்டார். ஊறுகாயை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

அடுப்படியில்தான் பழைய கதைகள் வந்தன. அவருடைய தாத்தா வொயிட் ஆற்றில் வழிகாட்டியாக இருந்தவராம். அந்தக் காலத்தில் நகரத்துப் பணக்காரர்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். ஜான்போட் என்று தட்டையான மரப்படகு. நாள் கணக்கில் ஆற்றோடு மிதந்து சிறுவாயன் பிடிப்பார்கள். சாமான் படகு முன்னால் போய்க் கூடாரம் போட்டுச் சமைத்து வைத்திருக்கும். ஆறு அத்தனை வளைந்து போவதால், நாட்கணக்காக மிதந்து போன தூரத்தை ரயிலில் சீக்கிரம் திரும்பிவிடலாம். பிறகு வொயிட் ஆற்றில் அணைகள் வந்தன. புல் ஷோல்ஸ் அணையை 1952இல் ட்ரூமன் வந்து அர்ப்பணித்தார். அதற்குக் கீழே சிறுவாயன் போய்விட்டது.

ஏன் என்பது எனக்குத் தெரியும், நானே அவருக்குச் சொன்னேன். உயரமான அணையில் மேல் தண்ணீர் சூடாக இருக்கும், அடித் தண்ணீர் வெயில் படாமல் குளிர்ந்து கிடக்கும். மின்சாரத்துக்கு ஆழத்திலிருந்து எடுத்துவிடும் தண்ணீர் ஜூன் மாதத்திலும் கையை வைக்க முடியாத குளிர்ச்சி. வெதுவெதுப்பான ஓட்டத்தில் பழகிய மீன் அதில் பெருகாது. அதற்குப் பதிலாக ட்ரவுட் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்து விடுகிறார்கள், ட்ரவுட்டுக்குக் குளிர் வேண்டும். இன்று அந்த ஆறு ட்ரவுட்டுக்குப் பேர்போனது. அங்கே பிடிக்க வருகிறவர்களால் அந்தப் பக்கத்து ஊர்கள் பிழைக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். "அந்த ட்ரவுட்டுக்குப் பிறந்த ஆறு எதுன்னு தெரியாது" என்றார் சம்பந்தி. எங்கள் பக்கம் மழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும், மிச்ச மாதங்களுக்கு நெல்லுக்கு எங்கே போவது, தேக்காமல் முடியாது என்றேன். யோசித்துவிட்டு, "அது வேற" என்றார். அந்த இரண்டு சொல்லில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ராத்திரி ஒன்றரை மணிக்கு இடி. எங்களுக்கு மேலே தூறல்தான், மேற்கே மலைப்பக்கம் மின்னல் விட்டு விட்டு அடித்தது. டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். டைரியில் இப்படி இருக்கிறது: 1.40, இரண்டு அங்குலம். 2.10, ஐந்து. 2.35, ஒன்பது. சம்பந்தி எழுந்து வந்து என் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசாமல் இரண்டு பேரும் கனோவை மேட்டுக்கு இழுத்து மரத்தில் கட்டினோம், கூடாரத்தைப் பிரித்தோம், சாமான்களை ஏற்றினோம். எழுபத்திரண்டும் எழுபத்தாறும் சேர்ந்து இருட்டில் செய்கிற வேலை இல்லை. மேட்டில் ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் இறங்கிப் போய் அளவு பார்த்து வந்தேன். நாங்கள் மீன் பொரித்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது.

மூன்று மணிவாக்கில் அவராகவே ஆரம்பித்தார். இருட்டில் முகம் தெரியாததும் ஒரு வசதி.

இந்த ஆற்றின் கரையில்தான் அவர்கள் பண்ணை இருந்ததாம். நாளைக்கு நாம் கடந்து போவோம் என்றார். ஆற்றோரம் சோளம், மேட்டில் மாடு. அணை வரும் என்ற பேச்சு அவர் பள்ளிக்கூடம் போகும்போதே ஆரம்பித்துவிட்டது. மார்ஷல் ஊரில் நிறையப் பேர் அணை வேண்டும் என்றார்கள், வேலை வரும், மின்சாரம் வரும் என்று. நகரத்துக்காரர்கள் வேண்டாம், ஆற்றைப் பூங்காவாக்கு என்றார்கள். கரையில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் வேண்டாம், நிலம் போதும். மூன்று கூட்டமும் ஒரே கடையில்தான் உப்பு வாங்க வேண்டும். அணை நின்றுபோனது என்று செய்தி வந்த அன்று அவர் அப்பா ஒரு பன்றியை அறுத்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாராம். ஏழெட்டு வருஷம் கழித்து, தேசிய ஆற்றுக்கு நிலம் எடுக்க ஆள் வந்தார்கள். விலை கொடுத்தார்கள். விற்க மாட்டேன் என்றவர்களுக்குக் கோர்ட் இருந்தது. "அணை வந்திருந்தா தண்ணிக்குள்ள போயிருக்கும். பூங்கா வந்ததால காட்டுக்குள்ள போச்சு" என்றார்.

காம்ப்டன் தோட்டத்து பெஞ்சில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் இந்தப் பக்கம் என் மனதுக்கு எட்டவில்லை. அணை இல்லை என்றால் யாரும் கிளம்ப வேண்டியதில்லை என்பதுதான் என் கணக்கு.

அவர் அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார், இருபது மைல் தூரத்தில். ஒரு நாளும் ஆற்றுப் பக்கம் வரவில்லை. "நான் வருவேன். முதல்ல ரெண்டு மூணு வருஷம் அவருக்குத் தெரியாம வருவேன். மீன் கொண்டுபோனா எங்க பிடிச்சதுன்னு கேப்பாரே, அதனால எல்லாத்தையும் திருப்பி விட்ருவேன்."

சட்டம் எவ்வளவோ சொல்லட்டும் என்று மத்தியானம் அவர் சொன்னது இதற்குத்தான்.

நானும் ஒன்று சொன்னேன், என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. 1970களின் கடைசியில் ஒரு நீர்த்தேக்கத்துக்கு இடம் எடுக்கும் சர்வேயில் இருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குள் வருகிற வீடுகளுக்கெல்லாம் சுவரில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போடவேண்டும். அது என் வேலை. ஒரு வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருந்தார். நம்பர் 41. அப்போதுதான் சாணி மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், பொங்கலுக்கு முன்னால். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பெயின்ட் தெரியாது என்று காவி வாங்கிவரச் சொல்லிக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் பாட்டி உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார். "வெயில்ல நிக்கியே ராசா." அதன்பின் காவி வந்தது, நம்பர் போட்டேன். அந்தத் தேக்கத்தில் இன்றும் இரண்டு போகம் விளைகிறது. அதில் எனக்குப் பெருமைதான், அன்றைக்கும் இன்றைக்கும். ஆனால் மோர் என்ற சொல் காதில் விழுந்தால் 41 என்று மனதுக்குள் வரும்.

சம்பந்தி ரொம்ப நேரம் பேசவில்லை. தார்ப்பாயில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க குடிச்சீங்களா?" என்றார்.

"குடிச்சேன்."

"நல்லது" என்றார்.

3.15க்குப் பதினான்கு அங்குலம். 3.40க்கும் பதினான்கு. நான்கு மணிக்குப் பதின்மூன்றரை. தண்ணீர் இறங்குகிறது என்று போய்ச் சொன்னேன். ஏதோ நானே திறந்துவிட்டு நானே மூடியது போல என் தோளில் தட்டினார்.

விடிந்ததும் ஆறு காப்பி நிறத்தில் கலங்கலாகப் போனது. இனி மீன் கிடையாது, கொக்கியைப் பார்த்தால்தானே கடிக்கும். இருந்தாலும் ஓட்டம் நன்றாக இருந்ததால் துடுப்புக்கு வேலையில்லை. பத்து மணி சுமாருக்கு இடப்பக்கம் ஒரு வளைவு. அதுதான் என்றார். நான் வயலைத் தேடினேன். ஆள் நுழைய முடியாமல் மரமும் கொடியும்தான். கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது மேட்டில் ஒரு கல் சிம்னி தெரிந்தது, அதன்மேல் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருந்தது. வீடு இல்லை. கீழே ஆற்றுக்குள் இறங்கும் சரிவு மட்டும் மழமழவென்று இருந்தது, மாடு இறங்கித் தண்ணீர் குடித்த தடம் என்றார். ஐம்பது வருஷமாகியும் அந்த இடத்தில் மட்டும் மரம் வளரவில்லை.

கரையில் ஒதுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். துடுப்பைப் பின்னோக்கிப் போட்டு, கனோவை அந்தச் சரிவுக்கு நேராக நிறுத்தி வைத்துக்கொண்டார். அந்த ஓட்டத்தில் அப்படி நிறுத்துவது லேசில்லை. "தண்ணிக்குள்ள ஒரு பெரிய கல்லு இருக்கு, அது பின்னால போடுங்க" என்றார். கல் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் சொன்ன இடத்தில் எறிந்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. ஐந்து தடவை எறிந்தேன். அவர் கை வலிக்குமே என்று நான்தான் போதும் என்றேன்.

மாமித் துறையில் மகளும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருந்தார்கள். ராத்திரி இடி மின்னலை போனில் பார்த்துவிட்டு விடியுமுன் கிளம்பியிருக்கிறார்கள். மகள் என்னை விட்டுவிட்டு முதலில் மாமனாரைத்தான் திட்டினாள், இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள். அவர் புரிந்த மாதிரியே கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் எங்கள் ஆற்றைப் பற்றிக் கேட்டார். தாமிரபரணி நூற்று இருபது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூட, கோடைமேலழகியானில் ஆரம்பித்துத் திருவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு, ஏழு ராஜா காலத்தது, எட்டாவது வெள்ளைக்காரன் காலத்தது என்றேன். விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப கனோவை எட்டுத் தடவை தூக்கிக்கிட்டு நடக்கணும்" என்றார்.

"பக்கத்துலேயே படித்துறை இருக்கும். தூக்கிட்டு இறங்கிடலாம்."

வருகிற ஜனவரியில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் திருநெல்வேலி வருகிறார்கள். விசா வந்துவிட்டது. கனோவுக்கு வழியில்லை. மூங்கில் கழி இரண்டு வெட்டி, மாடியில் நிழலில் காயப்போட்டிருக்கிறேன்.